கடைசி வரிசையில் யார் உட்காருவது?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியை. வீட்டில் ஆறு பேர்: நான், கணவர், மாமனார், மூட்டு வலியுள்ள மாமியார், 13 வயது மகள், 6 வயது மகன். மாதம் ஒருமுறை கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்குப் போவோம். வருடத்தில் இரண்டு முறை கொடைக்கானல். மற்றபடி பள்ளி, கடைத்தெரு, கோயில். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர் வரும். கோவையில் 2018 மாடல் இன்னோவா கிரிஸ்டா டீசல் ஒன்று 14 லட்சத்துக்கு வந்திருக்கிறது. 1,15,000 கிலோமீட்டர் ஓடியது, இரண்டாவது ஓனர். அதே பணத்தில் புதிய கியா கேரன்ஸ் பெட்ரோல் வண்டியும் கிடைக்கும் என்கிறார்கள். மாமனார் இன்னோவா என்றால் இன்னோவாதான் என்கிறார். கணவருக்குக் குழப்பம். பெரியவர்களும் பிள்ளைகளும் வசதியாக இருந்தால் போதும், கடைசி வரிசையில் நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். எதை வாங்கலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

விலை, கிலோமீட்டர், ஓனர் கணக்கு என்று எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னை நிறுத்தியது, ‘நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்’ என்ற வரிதான். மூன்று வரிசை வண்டி வாங்கும் பல வீடுகளில் இதை ஒருவர் சொல்கிறார். பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். திண்டுக்கல்லிலிருந்து கோவில்பட்டி போக எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். திரும்பி வரவும் அவ்வளவு நேரம். மாதாமாதம் ஆறு மணி நேரம் ஒருவர் முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும் என்றால் அந்த வண்டி உங்கள் குடும்பத்துக்கான அளவில் இல்லை. அதனால் எந்த வண்டி என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, யார் எங்கே உட்காருவது என்பதை முதலில் பார்ப்போம்.

கேரன்ஸில் ஆறு இருக்கை, ஏழு இருக்கை என இரண்டு அமைப்பு உண்டு. ஆறு பேர்தானே என்று ஆறு இருக்கை வண்டியைக் காட்டுவார்கள். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு நாற்காலிகள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆறு பேரும் ஏறிவிட்டால் கடைசி வரிசை முழுவதும் நிறைந்துவிடும். பின்னால் டிக்கியில் மிஞ்சுவது 216 லிட்டர் இடம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் பத்தின் கொள்ளளவு அது, அதுவும் உயரமாக, ஒடுங்கலாக. ஊருக்குப் போகும்போது ஆறு பேரின் துணிப்பைகளும், திரும்பும்போது ஊரில் கட்டிக் கொடுக்கும் அரிசியும் தேங்காயும் அதில் அடங்காது.

நீங்கள் ஏழு இருக்கை வண்டியையே பாருங்கள். முன்னால் கணவரும் மாமனாரும். நடு வரிசையில் இடது கதவோரம் மாமியார், நடுவில் நீங்கள், வலப்பக்கம் மகன். கடைசி வரிசையில் மகள் மட்டும். அவளுக்குப் பக்கத்து இருக்கையை மடித்துவிட்டால் டிக்கியோடு அந்த இடமும் சாமானுக்குச் சேர்ந்துவிடும். மகள் முதலில் ஏற வேண்டும், மாமியார் பிறகு. இறங்கும்போது இது தலைகீழ். இந்தச் சிறு சிரமம் இருக்கத்தான் செய்யும். நீங்கள் உட்காரும் நடு இருக்கைக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். ஆறு வயது மகனுக்கு பூஸ்டர் இருக்கை ஒன்று வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கான பெல்ட் அவனுக்குக் கழுத்தில்தான் உரசும்.

இனி இன்னோவாவுக்கு வருகிறேன். மாமனாரின் ஆசையில் தவறே இல்லை. 2005 முதல் நம் சாலைகளில் ஓடி நம்பிக்கை சம்பாதித்த பெயர் அது. 2016-இல் வந்த கிரிஸ்டா, லாரியைப் போல இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டிய வண்டி. அதன் 2.4 லிட்டர் டீசல் இன்ஜினின் இழுவிசை 343 நியூட்டன் மீட்டர். கேரன்ஸின் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு 144 மட்டுமே. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது ஆறு பேரும் சாமானும் ஏ.சி.யுமாக இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கிரிஸ்டா பாட்டுக்கு ஏறும்; கேரன்ஸைக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் வைத்து மிதிக்க வேண்டியிருக்கும். பின் வரிசை இடத்திலும் கிரிஸ்டாவே மேல்.

அப்படியிருந்தும் கோவையில் நீங்கள் பார்த்திருக்கும் வண்டி வேண்டாம் என்றே சொல்வேன்.

டீசல் வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்பது அதிகம் ஓடுபவர்களுக்குத்தான். லிட்டருக்குச் சராசரியாக 12 கிலோமீட்டர் என்று இரண்டுக்கும் ஒரே கணக்கு வைத்தாலும் 7,000 கிலோமீட்டருக்கு 583 லிட்டர். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு எட்டரை ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால், ஆண்டு முழுவதற்கும் மிச்சமாவது ஐயாயிரம் ரூபாயை ஒட்டித்தான். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கனமான டீசல் வண்டிக்குக் கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜெக்டர் என்று ஏதாவது ஒரு வேலை வந்தாலே அந்த ஐயாயிரம் போய்விடும். அடுத்தது மாமியாரின் முழங்கால். கிரிஸ்டாவின் தரைமட்டம் உயரம். ஒரு காலை ஊன்றி ஏறித்தான் உட்கார வேண்டும். பிறகு பாதுகாப்பு. உச்ச மாடலைத் தவிர மற்ற கிரிஸ்டாக்களில் ஏர்பேக் மூன்றுதான், மூன்றும் முன் வரிசைக்கு. கேரன்ஸில் 2022 பிப்ரவரியில் அறிமுகமானபோதே எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் கொடுத்தார்கள். கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2022-இல் நடத்திய மோதல் சோதனையில் கேரன்ஸுக்குக் கிடைத்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியென்றால் புதிய கேரன்ஸா என்றால், அதற்கும் முன்னால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைத் தேடச் சொல்வேன்: 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட, ஒரே ஓனரிடம் இருந்த கேரன்ஸ் பெட்ரோல். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள புதிய காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். பதினொரு லட்ச ரூபாய் வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் வரியாகவே போகிறது. பழைய வண்டியில் இந்த வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார், அது வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். டெல்லியிலிருந்து மலிவாக வண்டி கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரு புரோக்கர் வந்தால் இதை நினைவில் வையுங்கள். அங்கே பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அவை தெற்கே வருகின்றன. இங்கே மறுபதிவு செய்யும்போது வரி, தடையில்லாச் சான்று என்று மலிவு எல்லாம் கரைந்துவிடும். 2023 ஏப்ரல் என்று நான் மாதம் குறிப்பிடக் காரணம் எத்தனால். அதற்குப் பின் தயாரான பெட்ரோல் வண்டிகள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றவை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது அதுதான்.

மாருதி எர்டிகாவை ஏன் சொல்லவில்லை என்று கணவர் கேட்கலாம். நல்ல வண்டி, பராமரிப்புச் செலவு குறைவு, சிறிய ஊரிலும் மெக்கானிக்குக்குத் தெரிந்த வண்டி. ஆனால் 2023 மாடல் எர்டிகாவில் கீழ்நிலை வகைகளுக்கு இரண்டு ஏர்பேக் மட்டுமே. புதிதாக வாங்குவதென்றால் எர்டிகாவையும் பாருங்கள். பழையது என்றால் கேரன்ஸ்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் அடிபட்டவன். 2016-இல் ஒரு பழைய குடும்ப வண்டி வாங்கினேன். பெயின்ட் பளபளப்பாக இருந்தது, உள்ளே புதிய சீட் கவர், நல்ல வாசனை. மூன்றாம் மாதம் மதுரை நெடுஞ்சாலையில் இரவு பத்து மணிக்கு விளக்கு, வைப்பர், ஜன்னல் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. வண்டியில் என் அம்மா இருந்தார். மறுநாள் மெக்கானிக் வேறு எதையும் தொடவில்லை. ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து, வரும் வரைக்கும் வெளியே இழுத்தார். முழுவதும் இழுத்த பிறகு, சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு சாண் நீளத்தில் சாம்பல் நிறத்தில் சேற்றுக் கோடு தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நின்ற வண்டி அது. எல்லாவற்றையும் கழுவியவர்கள் அந்த ஒரு சாணைக் கழுவவில்லை.

ஆகவே எல்லா பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலும் வெள்ளம் வந்தது. நீங்கள் தேடும் வயதுள்ள வண்டிகள் அப்போது சாலையில் இருந்தவை. இருக்கையின் அடியில் தண்டவாளம் போல ஓடும் இரும்பில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் இடத்தில் மண் படிந்திருக்கிறதா என்றும் கையை விட்டுப் பாருங்கள். கதவின் ரப்பர் பீடிங்கை ஒரு சாண் அளவுக்கு உரித்தால் உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்க வேண்டும். அங்கே மொழுமொழுவென்று பூசியிருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் குறியீடு உண்டு. ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நான்கு டயரும் புதிதாக இருந்தால், ஓட்டம் சொன்ன அளவில் நிற்கவில்லை என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. கிளட்ச் மிதியின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் தேய்மானமும் அதை உறுதி செய்யும்.

இன்னொன்று, பலர் பார்க்காதது: பழைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் எதுவும் இல்லாமல் போனால் பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுக்கு ஆண்டு சதவீதம் ஏறும். இடையில் பூஜ்யமாகியிருந்தால் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. என்ன விபத்து என்று நேரடியாகக் கேட்கலாம். அந்த போனஸ் ஓனருக்குச் சொந்தமானது, உங்களுக்கு வராது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்து, ஓனரின் சம்மதத்தோடு முழு சர்வீஸ் விவரத்தையும் எடுத்துவிடுங்கள்.

காகிதங்களைப் பொறுத்தவரை ஓனர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

நல்ல பழைய வண்டி இரண்டு மாதத்தில் அமையவில்லை என்றால் தயங்காமல் புதிய கேரன்ஸுக்குப் போங்கள். எதுவானாலும் பெட்ரோல்தான். இன்றைய டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி, தினமும் பள்ளிக்கும் கடைக்குமாகச் சிறு தூரம் மட்டுமே ஓடினால் கரி அடைத்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்ப்பதை ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு முடித்துவிடாதீர்கள். ஆறு பேரும் ஏறுங்கள், சிறுமலை ஏற்றம் பக்கத்தில்தானே இருக்கிறது. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அங்கே போய் வாருங்கள். ஏறும்போது மகள் கடைசி வரிசையில் இருக்கட்டும். இறங்கும்போது இருபது நிமிடம் நீங்கள் அங்கே உட்காருங்கள். பாதத்தை முன் இருக்கைக்கு அடியில் நீட்ட முடிகிறதா, தொடை இருக்கையில் படிகிறதா அல்லது அந்தரத்தில் நிற்கிறதா, ஏ.சி. காற்று முகத்துக்கு வருகிறதா என்று கவனியுங்கள். விருந்தாளி ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால் அங்கே போவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கோவைக்குப் போவதாக முடிவு செய்திருந்தால் மாமனாரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டே போய் வாருங்கள். முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள். அந்த இன்னோவாவின் நடுக் கதவைத் திறந்து, யாரும் கைகொடுக்காமல் மாமியார் ஒருமுறை ஏறி இறங்கட்டும். மாமனார் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கட்டும். அதன் பிறகு வீட்டில் பேசுவது எளிதாக இருக்கும்.