பட்டறைக் கேள்வி-பதில்: மேசை வாளுக்கு எதை முதலில் வாங்குவது?

கேள்வி: கதவு, யன்னல், அலுமாரி வேலைக்கு 10 அங்குல மேசை வாள் வைத்திருக்கிறேன். குறுக்கே வெட்டிய முனையில் மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரிகிறது. முதிரையை நீளவாக்கில் அறுத்தால் கருகுகிறது. புது பென்ஸ் (நீளவாக்கில் அறுக்கும்போது மரம் ஒட்டி ஓடும் தடுப்பு), மைற்றர் கேஜ் (மேசைத் தவாளிப்பில் ஓடி, குறுக்கு வெட்டுக்குக் கோணம் பிடிக்கும் கருவி), டயல் கேஜ் (சிறு வித்தியாசத்தை முள்ளால் காட்டும் அளவி) எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வாங்க முதல் ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேற்றை முழுதாக உயர்த்துங்கள். ஒரு பல்லில் பேனாவால் அடையாளமிட்டு, மேசைத் தவாளிப்பின் ஓரத்திலிருந்து அந்தப் பல்லுக்குள்ள தூரத்தை முன்பக்கம் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுபோய் அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் பிளேற்றின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். இதற்கு டயல் கேஜ் கட்டாயமில்லை: தவாளிப்பில் ஆடாமல் ஓடும் சட்டத்தில் ஒரு திருகாணியைப் பூட்டி, அதன் முனை பல்லைத் தொடும்படி வைத்தால் போதும். பின்பக்க இடைவெளியைப் பீலர் கேஜால் (தடிப்பு குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், மேசைக்குக் கீழே பிளேற்றைத் தாங்கும் பகுதியின் போல்ற்றுகளை இளக்கித் திருத்துங்கள்.

அடுத்தது பென்ஸ். அதுவும் அதே தவாளிப்புக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். பின்நுனி பிளேற்றிலிருந்து 0.1 மி.மீ. விலகி நின்றால் பரவாயில்லை, பிளேற்றை நோக்கிச் சாய்ந்தால் ஆபத்து. மரம் இரண்டுக்கும் இடையில் நெரிபட்டுக் கருகும். பின்பக்கப் பல் பிடித்தால் உங்களை நோக்கிப் பாயும். பூட்டிய பிறகும் கையால் தள்ள அசைகிற பென்ஸ் என்றால் மட்டும் புதிது வாங்குங்கள்.

முதிரை கருகுவதற்கு இன்னொரு காரணம் பிளேற்றாக இருக்கலாம். 60, 80 பல் பிளேற் குறுக்கு வெட்டுக்கு உரியது. நீளவாக்கில் போட்டால் தூள் வெளியேற இடமில்லாமல் சூடேறும். 24 பல் காபைட் (பல் நுனியில் கடின உலோகம் ஒட்டிய) பிளேற்தான் உங்கள் முதல் செலவு. வாங்கும்போது பிளேற்றுக்குப் பின்னால் நிற்கும் பிரிகத்தியின் தடிப்பையும் பாருங்கள்: பிளேற்றின் தகட்டைவிடத் தடிப்பாகவும் வெட்டின் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது செலவு ஒரு நல்ல மூலைமட்டம். மைற்றர் கேஜுக்குப் பதிலாக ஸ்லெட் (மரத்தை வைத்துத் தள்ளும், தவாளிப்பில் ஓடும் பலகை) ஒன்றை நீங்களே செய்யலாம், கீழே பாருங்கள்.

கேள்வி: 12 மி.மீ. பிளைவூட்டில் ஸ்லெட் செய்தேன். மாரியில் இறுகுகிறது, கோடையில் ஆடுகிறது. வெட்டும் சரியான 90 பாகை இல்லை.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தவாளிப்பில் ஓடும் சட்டத்தை மாற்றுங்கள். காய்ந்த தேக்கில், முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்தால் அகலவாட்டில் குறைவாகவே ஊதும். அலுமினியப் பட்டி கிடைத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. மெழுகுதிரி தேய்த்துவிடுங்கள். சிலிக்கன் எண்ணெய் வேண்டாம், மரத்தில் பட்டால் பொலிஷ் பிடிக்காது.

90 பாகைக்கு ஐந்து வெட்டுச் சோதனை. சதுரப் பலகை ஒன்றின் நான்கு பக்கத்தையும் வரிசையாக வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டிய பக்கமே ஸ்லெட்டின் தடுப்பில் சாய வேண்டும். ஐந்தாவதாக முதல் பக்கத்தில் 20 மி.மீ. கீலம் எடுத்து, அதன் இரு நுனி அகலத்தையும் வேணியரால் (நுண் அளவி) அளங்கள். வித்தியாசத்தை 4ஆல் பிரித்தால் ஒரு வெட்டின் பிழை. கீலம் 400 மி.மீ. நீளம், வித்தியாசம் 0.8 என்றால் 400க்கு 0.2 மி.மீ. பிழை. தடுப்பின் ஒரு நுனித் திருகாணியை அச்சாக விட்டு, மறுநுனியை அந்த விகிதப்படி நகர்த்திப் பூட்டுங்கள். அடுத்த சோதனையில் வித்தியாசம் கூடினால் எதிர்ப்பக்கம் நகர்த்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: மரத்தைப் பென்ஸோடு அழுத்தும் சீப்புக்கட்டையை எங்கே பூட்டுவது?
– வாசகர், வவுனியா

பதில்: பிளேற்றுக்கு முன்னால். பிளேற்றுக்கு நேரே பூட்டினால் வெட்டிய வாய் மூடி பிளேற்றைப் பிடித்துவிடும்.