வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களுக்கு வீட்டை எப்படித் தயாராக வைத்துக்கொள்வது? அவசரகாலப் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பைக்குள் வைக்கவேண்டியவற்றை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை. ஏதாவது ஒரு விடுமுறை நாளில், பொழுது சாய்ந்ததும் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீர் வரும் வால்வையும் மூடிவிடுங்கள். மறுநாள் காலை வரை திறக்காதீர்கள். (ஆக்ஸிஜன் கருவி போல மின்சாரத்தை நம்பியிருப்பவர் வீட்டில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அவருக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று மருத்துவரிடம் கேட்பதுதான் உங்கள் முதல் வேலை.)

எங்கள் வீட்டில் முதன்முறை இதைச் செய்த இரவு, எனக்கு இருந்த பெருமையெல்லாம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பே அவசரகாலப் பை ஒன்றைக் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தேன். அதை எடுக்க ஏணி வேண்டும். இருட்டில் ஏணியைத் தேட டார்ச் வேண்டும். டார்ச் அந்தப் பைக்குள் இருந்தது.

கடைசியில் கைப்பேசி வெளிச்சத்தில் பையை இறக்கி டார்ச்சைத் திறந்தால், உள்ளே பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அன்றிலிருந்து பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைப்பதில்லை. தனிக் கவரில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறேன். தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள், இரண்டு கைகளும் சும்மா இருக்கும். மெழுகுவர்த்தி வேண்டாம் என்பது என் கட்சி. ஏற்கெனவே ஒரு ஆபத்து இருக்கும்போது தீயையும் வீட்டுக்குள் வரவழைப்பானேன்?

ஒன்பது மணிக்கு அம்மா மாத்திரை கேட்டார். அட்டையில் மூன்றுதான் மிச்சம். அந்த மாத்திரையின் பெயரோ அளவோ எனக்குத் தெரியவில்லை. மருந்துச்சீட்டின் படம் கைப்பேசியில் இருந்தது, கைப்பேசியில் சார்ஜ் 11 சதவீதம். அவசர நேரத்தில் பார்க்க வேண்டியது எதுவானாலும் காகிதத்திலும் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. தொலைபேசி எண்களும் அப்படித்தான். வீட்டில் ஒருவருக்கும் இன்னொருவர் எண் மனப்பாடமாகத் தெரியவில்லை.

தண்ணீர்க் கணக்கு எல்லோரும் சொல்வதுதான்: ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர், குறைந்தது மூன்று நாட்களுக்கு. நான்கு பேருக்கு 48 லிட்டர். எழுதிப் பார்த்தால் சின்ன எண், தூக்கிப் பார்த்தால் 48 கிலோ. நான் முதலில் வாங்கிய பெரிய கேனை அம்மாவால் அசைக்கக்கூட முடியவில்லை. வீட்டிலேயே வலுக்குறைந்தவர் தூக்கக்கூடிய கேன்களாகப் பிரித்து வையுங்கள். கழிப்பறைக்குத் தேவைப்படும் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் வாளி, அண்டா எல்லாவற்றையும் அதற்காக நிரப்பிவிடுங்கள். சுத்தம் சந்தேகமென்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே வசிப்பவர்களுக்கு மூன்று நிமிடம். எண்ணெயோ ரசாயனமோ கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை, அதைத் தொடாதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டி, கதவைத் திறக்காமல் இருந்தால், சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். என் மகன் அரைமணிக்கு ஒருமுறை திறந்து “இன்னும் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தேன்” என்றான்.

ஒத்திகையில் பழக முடியாத சிலவற்றைப் பேசியாவது வைக்க வேண்டும். வெள்ளம் வீட்டுக்குள் வரும்முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தண்ணீரில் நின்றுதான் அதை எட்ட முடியும் என்றால் தொடவே கூடாது. கணுக்கால் அளவு, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், வேகமாக ஓடும் வெள்ளம்கூட ஆளைச் சாய்த்துவிடும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலோரத்திலோ ஓட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். நிலம் அதிரும்போது வாசலுக்கு ஓடாமல் உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு இருக்கட்டும். இருட்டில் உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு இறங்கிவிட்டால் அதன்பின் யாருக்கும் உதவ முடியாது. உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இந்தோனேசியாவின் சிமெலுவே தீவைச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. சுமார் 78,000 பேர் வசித்த அங்கே இறந்தவர்கள் ஏழு பேர் என்கிறது பதிவு. 1907இல் வந்த ஆழிப்பேரலையை அங்குள்ளவர்கள் “ஸ்மோங்” என்று பேரன் பேத்திகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. எந்தச் சைரனும் ஒலிக்காமலே ஓடினார்கள்.

பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று இரண்டு இடங்களை முடிவு செய்யுங்கள்: ஒன்று வீட்டருகே, இன்னொன்று வட்டாரத்துக்கு வெளியே. தொலைவில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு எல்லோரும் தகவல் சொல்வது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி பல சமயம் போய்விடும்.

இனி, பை. ஒரு வாரத்து மருந்துகள், சீட்டின் நகல். தண்ணீர் புகாத உறையில் ஆவணங்களின் நகல்கள். சில்லறை நோட்டுகளாகப் பணம். சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, டப்பாவில் அடைத்தது என்றால் அதைத் திறக்கும் கருவி. விளக்கு, பேட்டரி, சிறிய வானொலி, பவர் பேங்க். முதலுதவிப் பொருட்கள், விசில், மாற்றுத்துணி, மாதவிடாய்க்கு வேண்டியவை. பவர் பேங்க் சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும், ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். எந்தப் பட்டியலிலும் நான் பார்க்காத ஒன்று, எங்கள் பையில் இப்போது இருக்கிறது: அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடி. பவர் கொஞ்சம் மாறிவிட்டது, ஆனாலும் மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படிக்க முடிகிறது.

பை இப்போது வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.