‘ஐ7’ என்றால் எந்த ஐ7 என்று கேளுங்கள்

நகரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “இன்டர் (பிளஸ் டூ) முடித்த தம்பிக்கு கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. மானிட்டர் வேண்டாம், வீட்டு டிவியே போதும். வேலோரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் ஓடினால் சரி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆள் தெரியும் என்று ஒருவர் ‘ஐ7, 16 ஜிபி ராம், புது போர்டு, 16,000தான்’ என்கிறார். வாங்கலாமா?”

வாங்காதீர்கள்.

ஐ7 என்பது இன்டெல் ப்ராசஸரின் பெயர். அந்த விலைக்கு வருகிற ஐ7 பெரும்பாலும் 2012-இல் வந்த 3770-ஆகத்தான் இருக்கும். ஏதோ ஒரு ஆபீஸில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டுக் கழன்று வந்தது. ‘புது போர்டு’ என்பது எச்61 வகை மதர்போர்டு. அட்டைப்பெட்டி புதிது, உள்ளே இருக்கும் சிப்செட் 2011-இல் வந்தது. அதில் பழைய டிடிஆர்3 வகை ராம்தான் உட்காரும். நாளைக்கு வேறு போர்டு வாங்கினால் அந்த ராமும் குப்பைதான்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்து. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார், ஏற்றியும் தருவார். வேலோரன்ட்டோ விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பழைய போர்டில் அது நடக்காது. தம்பி ஆசையாகத் திறந்ததும் வெளியே தள்ளிவிடும். ஐ3, ஐ7 என்ற பெயரில் மயங்க வேண்டாம், பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7 3770 மூன்றாம் தலைமுறை, ஐ3 12100 பன்னிரண்டாம் தலைமுறை. அந்த ஐ3 இந்த ஐ7-ஐச் சும்மா தாண்டிப் போகும்.

உங்கள் பணத்துக்கு நான் சொல்வது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், ஏ520 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு. 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் வேண்டாம். இதில் படம் காட்டும் வேலைக்கும் அதே ராம்தான், ஒற்றை ஸ்டிக் என்றால் பாதை பாதியாகிவிடும். ராம் விலை ஏறியிருந்தால் கேபினெட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். வேலோரன்ட் நன்றாக ஓடும், ஜிடிஏ 5-க்குக் கொஞ்சம் செட்டிங்கைக் குறைக்க வேண்டும்.

கடைசியில் இருக்கும் அந்த ‘ஜி’ முக்கியம். கடையில் ‘ஜி இல்லை, வெறும் 5600 இருக்கிறது, அதைவிட வேகம்’ என்பார்கள். வேகம்தான், ஆனால் கிராபிக்ஸ் கார்டு போடாமல் அதில் படமே வராது. இன்டெல்லில் ‘எஃப்’ போட்டு முடிவதும் அப்படியே. புத்தூர்ப் பையன் ஒருவன் 12100எஃப் வாங்கி, போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று டிவியில் செருகியிருக்கிறான். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிவியில் ‘சிக்னல் இல்லை’. கடையில் போய்க் கேட்டால் போர்டு போச்சு என்று இன்னொரு போர்டை அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்! இரண்டு போர்டும் நன்றாகத்தான் இருந்தன. ஓட்டை போர்டில் இருக்கும், படம் ப்ராசஸரிலிருந்து வர வேண்டும். நாளைக்கே கார்டு வாங்கப்போகிறீர்கள் என்றால் எஃப் தாராளமாக வாங்கலாம், காசும் மிச்சம். இன்றைக்குக் கார்டு இல்லை என்றால் தொடாதீர்கள்.

பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். சீல் உடையாத பெட்டியும், சீரியல் எண் எழுதிய பில்லும் இல்லாமல் வெளியே வராதீர்கள். மூன்று வருட வாரண்டி என்று பெட்டியில் பெரிதாக எழுதுகிறார்கள், கேட்டுப் போனால்தான் தெரியும் கதை. நான் வாரண்டிக்குக் கொடுத்த ப்ராசஸர் ஒன்று நாற்பது நாள் கழித்து ‘பின் வளைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது’ என்று திரும்பி வந்தது. கொடுக்கும் முன் எடுத்த போட்டோவைக் காட்டிய பிறகே இறங்கி வந்தார்கள். போட்டோ இல்லாதவன் என்ன செய்வான்?

அதனால் கவுன்ட்டரிலேயே பெட்டியைப் பிரித்து, ப்ராசஸரைக் கவிழ்த்து, செல்போன் லைட்டைப் பக்கவாட்டில் பிடியுங்கள். இந்த ரைசனில் 1331 பின்கள் பொடிப்பொடியாக வரிசை கட்டி நிற்கும். ஒன்று சாய்ந்திருந்தாலும் வரிசை அங்கே உடைந்து தெரியும். அப்படியே ஒரு போட்டோ.

அப்புறம், கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸை (கரண்ட் கொடுக்கும் பெட்டி) அங்கேயே கொடுத்துவிட்டு, 80 ப்ளஸ் என்ற மின்திறன் முத்திரை உள்ள 450 வாட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். தறி ஓடும் தெருவில் கரண்ட் எப்படி ஏறி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.