பொழிப்புரை இருக்கு, ஆய்வு எங்க?

கேரளாவுல, பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை பக்கம் பிஏ தமிழ் முதல் வருஷம் படிக்கிற பொண்ணு ஒண்ணு கேட்டிருக்கு: "குறுந்தொகை 25ஆம் பாட்டுக்கு மூணு பக்கம் அசைன்மென்ட் எழுதுனேன், வெறும் பொழிப்புரையா இருக்கு, ஆய்வு எங்கன்னு மிஸ் கேட்டுட்டாங்க. ஆய்வுன்னா என்னதான் எழுதணும்?"

நியாயமான கேள்விதான்மா, ஸ்கூல்ல எதுகை மோனைய எண்ணி எழுதுனாலே மார்க் வந்துரும்ல.

அந்தப் பாட்டையே எடுத்துக்குவோம். கபிலர் பாட்டு, அஞ்சே அடி. தலைவன் கல்யாணத்த தள்ளிப்போட்டுட்டே இருக்கான், தலைவி தோழிகிட்ட சொல்றா, அவன் என்னைச் சேர்ந்த அன்னைக்கு யாரும் இல்ல, அந்தக் கள்வன் மட்டுந்தான், அவனே பொய் சொன்னா நான் என்ன பண்றது, ஓடுற தண்ணியில ஆரல் மீனுக்குக் காத்துட்டு தினைத்தாள் மாதிரி காலோட ஒரு குருகும், அதான் கொக்கும், இருந்துச்சுன்னு. பொழிப்பு இவ்வளவுதான், இதுக்கு மேல இழுக்காத.

இப்ப ஒரு இடத்துல நில்லு. "யாரும் இல்லை"ன்னு ஆரம்பிச்சவ ஏன் "குருகும் உண்டு"ன்னு முடிக்கிறா? "ஆரும் இல்ல", "கொக்கும் உண்டு"ன்னு மலையாளத்துல நீ பஸ் ஸ்டாண்ட்ல தினமும் கேக்குறதுதான், மெட்ராஸ் பசங்களுக்குப் பழந்தமிழ், உனக்கு அது காதுல விழுற பேச்சு! அந்த "உம்"ல பாரு, சாட்சி தேடித் தேடி கடைசியா கையில கிடைச்சது ஒரு கொக்கு. அதுவும் உங்க வயல்ல நிக்கிற கொக்கு மாதிரிதான், கண்ணு மீன் மேல, பக்கத்துல என்ன நடந்தா அதுக்கென்ன. குருகு இவளப் பார்க்கல, இவதான் குருகப் பார்த்திருக்கா, சிறுசா பசுமையா இருந்த கால் வரைக்கும். அதுக்கு உவமை கூட தினைப்புனத்துல இருந்துதான் வருது.

இத ஒரு வாக்கியமாக்கு: "சாட்சி இல்லாததை விட, உதவாத சாட்சி ஒன்று இருந்ததுதான் தலைவியின் துயரம்." இத ஒருத்தர் மறுக்கலாம், மறுக்க இடம் இருந்தாத்தான் அது கருத்து, "கபிலர் அழகாகப் பாடியுள்ளார்"னா யாரு சண்டைக்கு வருவா? குருகு தலைவன், ஆரல் தலைவின்னு உள்ளுறையா, அதாவது மறைபொருளா வாசிக்கிறவங்களும் இருப்பாங்க, அதையும் எழுதி, பாட்டுச் சொல்லையே காட்டிப் பதில் சொல்லு. உ.வே.சா. உரை (1937) கட்டாயம் படி, ஆனா உன் குறிப்ப எழுதுன பிறகு.

அப்புறம், முதல் பக்கத்த "சங்க இலக்கியம் காலத்தின் கண்ணாடி"ன்னுதானே ஆரம்பிச்சிருக்க? பார்க்காமலே சொல்றேன். அத அடிச்சிட்டு நேரா குருகுல இருந்து ஆரம்பி.