முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் நான்கு இரவுப் பயணம் போகிறோம். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும். நான், கணவர், இரண்டேகால் வயது மகள், மாமா, மாமி. இரவுச் சாப்பாடு 5.45 பந்தியா, 8.15 பந்தியா என்று பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டுமாம். விரும்பிய நேரத்துக்குப் போகிற மூன்றாவது வகையும் உண்டு. சின்னப் பிள்ளை என்றால் முதல் பந்திதான் என்கிறார் பயண முகவர். மாமாவுக்கு நீரிழிவு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அவரும் முதல் பந்தியையே கேட்கிறார். கணவர் இரண்டாவதுதான் வேண்டும் என்கிறார். மாமி மரக்கறி மட்டும். மகள் வீட்டில் மாலை ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டரைக்கு நித்திரையாகிவிடுவாள். எதை எடுப்பது?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டாம் பந்தியை எடுங்கள் தங்கச்சி. உங்கள் கணவர் எதை நினைத்துக் கேட்டாரோ தெரியாது, ஆனால் பிள்ளைக்கும் மாமாவுக்கும் அதுதான் பொருந்தும்.

முகவர் சொன்னது பொதுவாகச் சரியான விஷயம்தான். சிறுபிள்ளைகள் நேரத்தோடு சாப்பிட்டு நேரத்தோடு படுப்பவர்கள், அதனால் முதல் பந்தி. சிங்கப்பூரிலேயே இருக்கிற குடும்பத்துக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் போவது கொழும்பிலிருந்து. சிங்கப்பூர் நேரம் நம்முடையதை விட இரண்டரை மணித்தியாலம் முன்னே. கப்பலில் மாலை 5.45 என்றால் வெள்ளவத்தையில் பின்னேரம் 3.15. அந்த நேரத்தில் உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். மத்தியான நித்திரையால் எழும்பி, முகம் கழுவாமல், யாருடைய மடியிலாவது சுருண்டு கிடப்பாள். அந்தப் பிள்ளையை உடுப்பு மாற்றி, நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூட்டிப்போய் உயரக் கதிரையில் இருத்திச் சாப்பிடு என்றால் அவள் அழத்தான் செய்வாள். 8.15 என்றால் கொழும்பில் 5.45. நித்திரை தெளிந்து, பால் குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைக்கிற நேரம் அது. பசியும் எடுக்கத் தொடங்கியிருக்கும்.

நான்கு இரவுதானே, பிள்ளையைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மாற்ற இரண்டு மூன்று நாள் பிடிக்கும், மாறி முடிகிறபோது ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், பிறகு இங்கே வந்து இன்னொரு முறை மாற்ற வேண்டும். 1996-இல் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிய காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ‘பழைய நேரம்’, ‘புதிய நேரம்’ என்று ஒரே வீட்டுக்குள் இரண்டும் ஓடின. அலுவலகத்துக்குப் புதிய நேரத்தில் போனோம், பிள்ளைகளின் வயிறு பழைய நேரத்திலேயே பசித்தது. கப்பலிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்: பெரியவர்களுக்குக் கப்பல் நேரம், பிள்ளைக்குக் கொழும்பு நேரம்.

அப்படி வைத்தால் அவளுடைய நாள் இப்படிப் போகும். வீட்டில் ஆறரைக்கு எழும்புகிறவள் என்றால் கப்பலில் ஒன்பதுக்கு எழும்புவாள். மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு. மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை நித்திரை. ஆறரைக்குப் பால். 8.15-க்கு உங்களோடு மேசைக்கு வருவாள், பதினொரு மணிக்குப் படுப்பாள். இரவு பத்தரைக்குப் பிள்ளை ஓடித் திரிகிறதே என்று யாராவது பார்த்தால் பார்க்கட்டும், அவளுக்கு அது எட்டு மணி. காலையில் வெளிச்சம் பட்டால் எழும்பிவிடுவாள், ஆகவே படுக்கும்போது திரைச்சீலையை முழுதாக இழுத்து மூடுங்கள். யன்னல் இல்லாத உள் அறை எடுத்திருந்தால் இந்த விஷயத்தில் அது நல்லதே. பினாங்கில் காலை எட்டு மணிக்குப் புறப்படும் சுற்றுலாவை எடுக்காதீர்கள், அது அவளுக்கு விடியப்புறம் ஐந்தரை. பத்து மணிக்குப் பிறகு நீங்களாகவே இறங்கிப் போய் வரலாம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னே. புக்கெட்டில் கைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக் காட்டும், ஆனால் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் கப்பலின் மணிக்கூட்டை வைத்தே பாருங்கள்.

மாமாவின் விஷயம். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றால் எந்த நேரத்துக்கு? அவர் இங்கே இரவு ஏழு, ஏழரைக்குச் சாப்பிடுகிறவர் என்றால் அவருடைய உடம்புக்கு அது கப்பலில் ஒன்பதரை, பத்து. 5.45 பந்தி மத்தியானச் சாப்பாட்டின் மேலேயே போய் ஏறும், பிறகு நடுராத்திரியில் பசிக்கும். 8.15 கொஞ்சம் முந்தினாலும் கிட்டத்தட்டச் சரி. ஆறு மணியளவில் பஃபேயில் ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்தால் இடைவெளி தெரியாது. மாத்திரையோ இன்சுலினோ, எதை எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நீங்களாகத் தீர்மானிக்காமல், இந்தச் சாப்பாட்டு நேரங்களைக் காட்டி அவருடைய வைத்தியரிடம் புறப்பட முன்னரே எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் ஏறும்போது ஒப்படைக்கிற பெட்டிகள் அறைக்கு வந்து சேரப் பின்னேரமாகும், சிலவேளை இரவாகும். பிள்ளையின் பம்பர்ஸ், ஒரு மாற்றுடுப்பு, அவள் கட்டிப்பிடித்துப் படுக்கிற சாமானும் அதே கைப்பையில்.

முதல் இரவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து நடுராத்திரி விமானம் ஏறிக் காலையில் சிங்கப்பூரில் இறங்கி, அன்றைக்கே கப்பல் ஏறுகிறீர்கள் என்றால் பிள்ளையின் நித்திரை துண்டு துண்டாகப் போயிருக்கும். அன்றைக்கு அவளை மண்டபத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். நீங்களும் மாமியும் அவளோடு பஃபேயில் பசித்த நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போங்கள். கணவரும் மாமாவும் 8.15-க்கு மேசைக்குப் போய் வெயிட்டரிடம் மூன்று விஷயம் சொல்லி வைக்கட்டும்: நாளையிலிருந்து ஒரு சிறுபிள்ளை வரும், உயரக் கதிரை வேண்டும், ஒருவர் மரக்கறி, மீனும் முட்டையும் ஆகாது, ஒருவருக்கு நீரிழிவு. மேசை மண்டபத்தின் நடுவில் இருந்தால் ஓரத்துக்கோ வாசலுக்குக் கிட்டவோ மாற்றித் தரும்படி பொறுப்பாளரிடம் கேட்பதற்கும் முதல் நாள்தான் தோது.

நேரம் குறித்த பந்தியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் இந்த வெயிட்டர்தான். ஒவ்வொரு இரவும் அதே மேசை, அதே ஆள். என் பேரன் இந்த வயதில் புது முகம் கண்டால் தாயின் தோளுக்குள் முகத்தைப் புதைக்கிறவன். கப்பலில் முதல் நாள் எங்கள் வெயிட்டர் அவனைப் பார்த்துப் பேசவே இல்லை. வெள்ளரிக்காயை விரல் பருமனில் வெட்டி ஒரு சின்னத் தட்டில் வைத்து, கைக்கு எட்டுகிற தூரத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் அவன் கதிரையில் ஏற முன்னரே “கக்கரி எங்கே?” என்று தேடினான். விரும்பிய நேரத்துக்குப் போகிற வகையில் இந்தப் பழக்கம் வர இடமில்லை. ஒவ்வொரு நாளும் யாரிடமாவது முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஐந்து பேருக்கு மேசை கிடைக்கும்வரை வரிசையிலும் நிற்க வேண்டிவரும். மாமிக்கும் நிலையான மேசைதான் நல்லது. நாளைக்கு என்ன மரக்கறி வேண்டும் என்று இன்றைக்கே சொல்லி வைத்தால் பருப்பும் சோறும் கறியுமாகச் செய்து தருவார்கள். சொல்லாமல் போனால் வேகவைத்த காய்கறித் தட்டுத்தான் வரும்.

மேசையில் இருக்கப்போகும் நேரத்தையும் யோசியுங்கள். காலி வீதிச் சைவக் கடையில் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் தோசை வந்துவிடும், பிள்ளைக்கு அதுதான் பழக்கம். கப்பல் மண்டபத்தில் முதலில் சிறு தட்டு, பிறகு பிரதான உணவு, பிறகு இனிப்பு என்று ஒன்றரை மணித்தியாலம் போகும். ஆகவே ஏழரைக்கே பஃபேயில் நாலைந்து வாய் தயிரும் சோறும் ஊட்டிவிடுங்கள், மேசையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கவலைப்படத் தேவையிருக்காது. உட்கார்ந்தவுடன், உங்கள் பட்டியலைத் திறக்க முன்னரே, பிள்ளையின் சாப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். அவளுடைய ஐஸ்கிரீமை உங்கள் பிரதான உணவோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவள் கரண்டியோடு போராடுகிற அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் நீங்கள் சூடாக ஏதும் சாப்பிடலாம். அது முடிந்தால் ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகட்டும். அந்த ஒருவர் நாளுக்கு நாள் மாற வேண்டும். எல்லா இரவும் தாயே எழும்பிப் போகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து தொடங்க வேண்டாம், இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் பந்தி நிரம்பிவிட்டதென்றால் மூன்றாவது வகையை எடுத்து, எட்டு மணிக்கு முன்பதிவு செய்யுங்கள். இதே பயணம் ஏழு இரவோ கூடவோ என்றால் என் பதில் மாறும். அவ்வளவு நாளில் பிள்ளை தானாகவே அங்கத்தைய நேரத்துக்கு வந்துவிடுவாள், அப்போது முகவர் சொன்ன முதல் பந்தியே நல்லது.

கேள்வி: நாங்கள் சென்னைக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏற யோசிக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. அவனைக் கப்பலில் சிறுவர்களைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் கழகத்தில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஆறுதலாகச் சாப்பிடலாமா?
— ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

பதில்: இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம், ஆகவே மேலே சொன்ன கணக்கு எதுவும் உங்களுக்கு வேண்டாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த பயணிகள் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் துறைமுகங்களுக்கே வந்தது. அப்படியான பயணத்தில் மணிக்கூட்டைத் தொடவே தேவையில்லை. உங்களுக்கு முதல் பந்தி.

கழகங்கள் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து எடுப்பார்கள், ஆனால் பிள்ளை பம்பர்ஸ் விட்டிருக்க வேண்டும். ரொயல் கரிபியன் நிறுவனத்தின் பல கப்பல்களில் 6 முதல் 36 மாதப் பிள்ளைகளுக்குத் தனி நர்சரியும் உண்டு, அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். உங்கள் கப்பலில் என்ன வயது, எத்தனை மணி வரை என்று பதிவு செய்ய முன் கேளுங்கள். மகனை முதலில் உங்களோடு இருத்திச் சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு கொண்டுபோய் விடுங்கள். பசியோடு புது இடத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கேள்வி: கப்பலுக்குச் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றும், வீட்டில் வறுத்த குரக்கன் மாவும் கொண்டுபோகலாமா? பேத்திக்கு ஒன்றரை வயது.
— ஓர் அம்மம்மா, தெஹிவளை

பதில்: குக்கர், கேத்தல் எதுவும் வேண்டாம் அக்கா. சூடாக்கும் மின்சாதனங்களைக் கப்பலில் விடமாட்டார்கள். ஏறும்போதே எடுத்து வைத்து, இறங்கும்போதுதான் தருவார்கள். வீட்டில் செய்த உணவையும் பெரும்பாலும் மறுப்பார்கள். தொழிற்சாலையில் அடைத்து, உறை உடைக்காத குழந்தை உணவும் பால்மாவும் கொண்டுபோகலாம். சமபோஷ சத்துமா நல்ல தெரிவு, அடுப்பு வேண்டாம், பாலில் குழைத்தாலே காணும். பஃபேயில் தேநீர் வைக்கிற இடத்தில் வெந்நீர் எடுக்கலாம். சோறு, தயிர், வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு பெரும்பாலும் அங்கே இருக்கும், உப்பும் மிளகும் போட முன் பிள்ளைக்கென்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். மிச்சமான பழத்தையோ சாப்பாட்டையோ பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் இறங்க வேண்டாம், பல நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது. கரைக்குப் போகிறபோது உறை உடைக்காத பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொள்ளுங்கள்.