சாயம் போன சேலை

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தம்பி மகனே பார்த்துக்கொள்கிறான். மக்கள் தொடர்புக்கென்று தனியாக ஆள் எதற்குங்க?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: நான் கோவையில் ஒரு மில்லில் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தவனுங்க. பிரஸ் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, டிவிஎஸ் 50-ல் ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமாகப் போய்க் கொடுப்பேன். மறுநாள் காலை வரை மூச்சுவிட நேரம் இருந்தது. 1906-ல் அமெரிக்காவில் ரயில் விபத்து நடந்தபோது, ரயில் கம்பெனியின் மக்கள் தொடர்பைப் பார்த்துக்கொண்ட ஐவி லீ செய்ததும் அதுதான்: மறைக்காமல், நடந்ததை எழுதி நிருபர்களிடம் நீட்டினார். வேலை அதேதான், நேரம்தான் சுருங்கிவிட்டது. இன்று சாயம் போன சேலையை ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் விட்டால், காலையில் பால்காரர் வருவதற்குள் கோபி, சத்தி வரை போய்விடும். உங்கள் பையன் என்ன செய்வான்? கமெண்டை அழிப்பான். (எல்லாப் பசங்களும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள்.) அழித்ததற்கு ஸ்கிரீன்ஷாட் வரும், அது சேலையைவிட மோசம். தனி ஆள் வேண்டாம், சரி. ஆனால், “சேலையை மாற்றித் தருகிறோம்” என்று ராத்திரியே பதில் எழுத அவனுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறீர்களா? அப்புறம், ரீல்ஸில் ஆடுவதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க.