பெருந்தொற்றுக் காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழகங்கள் எப்படிச் சமாளித்தன?

2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டதும் வந்த முதல் தலைவலி டேட்டா செலவுதான். லேர்ன் எனும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு ஸூம் வசதியைத் தந்தது. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டாவை இலவசமாக்கின. சரி, சிக்னல்? கொழும்பில் படித்துக்கொண்டிருந்த வன்னிப் பிள்ளை ஊருக்குப் போனால், போனைப் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க அலைய வேண்டும். அதனால் நேரடி வகுப்போடு நிற்காமல், ஒலிப்பதிவையும் சிறிய பிடிஎஃப்பையும் ஏற்றிவிட விரிவுரையாளர்கள் பழகினார்கள். செய்முறை வகுப்புகளுக்குத்தான் உருப்படியான மாற்று கிடைக்கவில்லை என்பேன். அமிலத்தை அளந்து ஊற்றும் கைப்பழக்கம் திரையில் வருமா? இன்னொரு பக்கம், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் வைரஸ் திரிபுகளை மரபணு வரிசைப்படுத்திக் கண்டறிந்தது. அப்புறம் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மறுபடி ஒன்லைன் வகுப்புகள். அப்போது பெரிய தடுமாற்றம் இருக்கவில்லை, மின்வெட்டைத் தவிர.